குலுக்கிக்கு ஒரு டைமர்

ஹார்டுவேர் கடையில், எலிப்பொறிகளுக்கும் நீட்டு ஒயர்களுக்கும் நடுவில் ஹார்லன் வந்து நின்று நெடுநேரம் ஆகிவிட்டது. கையில் ஒரு டைமர். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுவந்து படிப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி பழையதையே எடுப்பார்.

“நோர்மாவுக்கு மோதிரம் வாங்கினப்பகூட நீ இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டே” என்றாள் கல்லாவில் இருந்த ட்வைலா. கடை அவளுடையது. வாயும் அவளுடையதுதான். கடைக்காவது மூடும் நேரம் என்று ஒன்று உண்டு.

“மோதிரத்துல மோட்டார் இல்லையே” என்றார் ஹார்லன்.

“இந்தா, இதை எடுத்துட்டுப் போ. கிறிஸ்துமஸ் விளக்குக்கு ஊரே இதைத்தான் வாங்குது.”

“அதுல ஒரு தொல்லை இருக்கு. இன்னிக்கு நிறுத்தும். நாளைக்கு அதே நேரத்துக்கு அதுவே திரும்பப் போட்டுவிடும். நான் கீழே இல்லாதப்ப அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்.”

“அப்ப பட்டன் வச்சதை எடு.”

“கரன்ட் போய்ட்டு வந்தா எல்லாத்தையும் மறந்துடும். நம்ம ஊர்ல கொஞ்சம் காத்தடிச்சா கரன்ட் நிக்குமா?”

“போன்ல நிறுத்துற பிளக் இருக்கு. என் மருமகன் கோழிக்கூட்டு லைட்டை அதுலதான் போடுறான்.”

“எங்க வீட்டு நிலவறையில போனே எடுக்காது.”

“உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை.”

“திருகுற டைமர். திருகினா ஓடணும். நேரம் முடிஞ்சா நிக்கணும். மறுபடி ஒருத்தன் வந்து திருகுற வரைக்கும் செத்த பாம்பு மாதிரி கிடக்கணும். அப்புறம், மோட்டாரைத் தாங்கணும். விளக்குக்குன்னு செஞ்சதுல மோட்டாரை மாட்டினா, கிளம்புறப்ப அது இழுக்குற இழுப்புல உள்ள இருக்குற தகடு ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் நிக்கவே நிக்காது.”

“நிக்கலைன்னா என்ன குடியா முழுகிடும்? கூடு இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருக்கும். நான்லாம் குலுக்கியைப் போட்டுட்டு சர்ச்சுக்கே போய்ட்டு வந்திருக்கேன்.”

ஹார்லன் கையில் இருந்த டைமரைத் திருப்பி வைத்தார். சொன்ன பிறகுதான் ட்வைலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்லாவில் இல்லாத தூசியைத் துணியால் துடைத்தாள்.

ரெட்வாட்டர் என்ற அந்த ஊரில், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, அரைத்த மக்காச்சோளத் தக்கையோடு குலுக்கி இயந்திரத்தில் போட்டு, கரி போய்த் தங்கம் மாதிரி ஆகும்வரை குலுக்க விடுவார்கள். பிறகு பழைய பொட்டைத் தள்ளிவிட்டுப் புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்து கொட்டி, ஈயக்குண்டைச் செருகினால் மறுபடி தோட்டா. பொட்டு என்பது கூட்டின் அடியில், ஊசி வந்து குத்துகிற இடத்தில் இருக்கும் சின்ன மூடி. தீ பிறப்பது அதில்தான். குளிர்காலம் முழுக்க அந்த ஊர் ஆண்களும் பாதிப் பெண்களும் நிலவறைகளில் உட்கார்ந்து செய்வது இந்த வேலையைத்தான்.

ஆனால் அவரவர் நிரப்பியதை அவரவர்தான் சுடுவார்கள். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை யாரும் தன் துப்பாக்கியில் போட மாட்டார்கள். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை யாரும் இரவல் கேட்பதில்லை, அந்த மாதிரிதான். இந்த வழக்கத்துக்கு ஊரில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. ஹார்லன் நிரப்பியதை அவருடைய அண்ணன் டெல்மர் சுடுவார். டெல்மருக்குப் பொறுமை கிடையாது, பொடி வேலைக்குக் கையும் வணங்காது. தம்பி பெட்டியில் அடுக்கிக் கொடுப்பதை வாங்கிப் போய்ச் சுட்டுத் தள்ளுவார். ‘புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டாங்கப்பா’ என்று துப்பாக்கிக் கழகத்தில் கேலி செய்வார்கள். ஹார்லன் வெளியே முறைப்பார். உள்ளுக்குள் அவருக்கு அதைவிடப் பெரிய பெருமை உலகத்தில் இல்லை.

போன இலையுதிர்காலம் வரைக்கும்.

அன்று ஹார்லன் கூடுகளைப் பலகையில் நிறுத்திவைத்து மருந்து கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் குலுக்கி, வாளியில் சரளையைப் போட்டு ஆட்டுகிற சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. “அந்தச் சனியனை நிறுத்தேன், மண்டை வெடிக்குது” என்று மேலே அடுக்களையிலிருந்து நோர்மா கத்தினாள். ஹார்லன் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தவர், கொட்டி முடித்த வரிசையிலேயே மறுபடி கொட்டத் தொடங்கிவிட்டார். அந்த மருந்து கூட்டில் பாதிகூட நிறையாது, இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது. டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்துவிட்டுத்தான் குண்டைச் செருக வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விதி. அன்று டார்ச் மேசையில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

சனிக்கிழமை டெல்மரின் ரிவால்வர் அவர் கையிலேயே வெடித்துத் திறந்துகொண்டது. ஒரு இரும்புத் துண்டு கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ரத்தத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு டெல்மர் முதலில் சொன்ன வார்த்தை, “பழைய துப்பாக்கிடா, இரும்பு சலிச்சுப் போச்சு” என்பதுதான். அங்கே நின்ற எல்லோருக்கும் உண்மை தெரியும். எல்லோரும் ஆமாம், பழைய இரும்பு என்றார்கள். ஹார்லனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய், குலுக்கியை நிறுத்த எழுந்து போன கதையைச் சொன்னார். டார்ச்சைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. “அட, விடுடா. அந்தக் குலுக்கிக்கு ஒரு டைமர் மாட்டு, தீர்ந்தது” என்றார் டெல்மர், கட்டுப் போட்ட கன்னத்தோடு. தேறுதலுக்காகச் சொன்ன பேச்சு. ஹார்லன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டைமர் மாட்டினால் நடுவில் எழ வேண்டியதில்லை. எழாவிட்டால் தப்பு நடக்காது. தப்பு நடக்காவிட்டால் அண்ணன் பழையபடி சுடலாம். குளிர்காலம் முழுக்க அவர் தனக்குத்தானே கட்டிய சப்பைக்கட்டு இவ்வளவுதான்.

பனி உருகிக் கழகம் திறந்ததும், ஹார்லன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு பெட்டி நிரப்பினார். குலுக்கியைத் தொடவேயில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே வேலை செய்தார். டெல்மர் புது ரிவால்வர் வாங்கியிருந்தார். போன சனிக்கிழமை அந்தப் பெட்டியை எல்லோர் முன்னாலும் திறந்து, அதிலிருந்து எடுத்துப் போட்டு, குறிக்காகத் தொங்கவிட்ட இரும்புத் தட்டுகளை டங் டங்கென்று அடித்தார். கை துளிகூட நடுங்கவில்லை. ‘பாருங்கடா, எங்கண்ணன் கையை’ என்று ஹார்லனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சுட்ட கூடுகளை வழக்கம்போல, விஸ்கி பாட்டிலோடு வந்த ஊதா வெல்வெட் பையில் போட்டு டெல்மர் கொடுத்தார். “டைமர் வாங்கிட்டியாடா?” என்று கேட்டார். அதனால்தான் ஹார்லன் இப்போது இந்தக் கடையில் நிற்கிறார்.

கடைசியில் ட்வைலாவே எழுந்து உள்ளே போய், குளியலறைக் காற்றாடிக்கு மாட்டுகிற கனமான திருகு டைமர் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாள். “இது மோட்டாரைத் தாங்கும். நேரம் முடிஞ்சா நிக்கும். அதுவா கிளம்பாது. போதுமா ராஜா?”

ஹார்லன் அதைத் திருகிக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே சுவர்க்கோழி மாதிரி கிர்ரென்றது. முகம் மலர்ந்துவிட்டது. “இதுதான். இதை முதல்லயே எடுத்திருந்தா நான் எதுக்கு உன் வாயில விழறேன்?”

“ஹார்லன்” என்றாள் ட்வைலா. குரலில் கிண்டல் இல்லை. “நீ எந்த டைமரை வாங்கினாலும்...” நிறுத்திவிட்டாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. உங்கண்ணன் போன வாரம் வந்திருந்தான்.”

“எதுக்கு?”

ட்வைலாவின் முதுகுக்குப் பின்னால் தட்டில் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “ஆணி வாங்க” என்றாள்.

“டெல்மருக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம்? சுத்தியலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதே அவனுக்கு!” என்று ஹார்லன் சிரித்தார். ட்வைலாவும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் நிலவறைக்கு இறங்கிவிட்டார். ஒரு இரும்புப் பெட்டியில் டைமரைப் பொருத்தி, ஒயர் இணைத்து, சுவரில் திருகாணி போட்டு முடுக்கினார். நோர்மா படியில் நின்று பார்த்தாள்.

“காத்தாடிக்கு மாட்டுற சாமான்தானே இது?”

“மோட்டார்னா எல்லாம் மோட்டார்தான். இனிமே நீ கத்த வேண்டியதில்ல, நான் எழுந்திரிக்க வேண்டியதில்ல. அது பாட்டுக்கு ஓடும், அது பாட்டுக்கு நிக்கும்.”

“அன்னிக்கு நான் கத்தியிருக்கவே கூடாது” என்றாள் நோர்மா.

“உன்னை யார் சொன்னா? போ, போய் சூப்பைச் சூடு பண்ணு.”

முதல் ஓட்டத்துக்கு அவர் எடுத்தது டெல்மரின் ஊதாப் பையைத்தான். வேறு யாராவது கூடு கொடுத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தக் கம்பெனி, எத்தனை முறை சுட்டது, விரிசல் உண்டா என்று ஆராய்ந்துவிட்டுத்தான் குலுக்கியில் போடுவார். டெல்மரின் பையை மட்டும் அப்படியே கவிழ்த்துவிடுவார். தான் கொடுத்தது தனக்குத் திரும்பி வருகிறது, அதில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? மூடியைப் போட்டு, டைமரைத் திருகிவிட்டு, மேலே போய் நோர்மாவோடு சூப் சாப்பிட்டார். கீழே சரளைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்காததுபோல மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு டக்கென்று ஒரு சத்தம். வீடு அமைதியானது.

“நின்னுடுச்சு!” என்று நோர்மா கைதட்டினாள். “ஹார்லன், தானா நின்னுடுச்சு!”

ஹார்லன் இளவட்டம் மாதிரி படியிறங்கினார். குலுக்கியின் மூடியைத் திறந்து, தக்கைத் தூளோடு சல்லடையில் கொட்டிச் சலித்தார். கூடுகள் தகதகவென்று மேலே வந்தன. ஒன்றை எடுத்து விளக்கடியில் உருட்டிப் பார்த்தார்.

சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்க ஹார்லன் வைத்திருக்கும் அச்சில் எப்போதோ ஒரு மணல் துகள் பதிந்துவிட்டது. அதில் போய் வரும் ஒவ்வொரு கூட்டின் உடம்பிலும் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழும். கெடுதல் ஒன்றும் இல்லை. ‘உன் கையெழுத்துடா அது’ என்று டெல்மர்தான் கேலி செய்வார். இந்தக் கூட்டில் கீறல் இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. கவிழ்த்துப் பார்த்தார். ஹார்லன் வைப்பது மஞ்சள் பொட்டு. எந்தக் காலத்திலும் வேறு வைத்ததில்லை. இதில் குத்துப்பட்டுக் கிடந்தது வெள்ளைப் பொட்டு.

சல்லடையை மேசையில் கவிழ்த்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, கவிழ்த்து, தள்ளிவைத்தார். எல்லாமே புதுக் கூடு. எல்லாமே ஒரே ஒரு முறை சுட்டது. எல்லாமே கடையில் வாங்கிய தோட்டா.

ஆணி வாங்க வந்தாராம்.

டெல்மர் இதற்காக எவ்வளவு மெனக்கெட்டிருப்பார் என்று ஹார்லனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கடைத் தோட்டாவில் செப்புப் பூச்சுப் போட்ட குண்டுதான் அதிகம் வரும். தம்பி செருகுவது வெறும் ஈயக்குண்டு என்பதால் ட்வைலாவிடம் தேடிப்பிடித்து ஈயக்குண்டு போட்டதாக வாங்கியிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து தம்பியின் தோட்டாக்களை எடுத்துவிட்டு, வணங்காத அந்தக் கையால் ஒவ்வொன்றாகத் தம்பியின் பெட்டியில் அடுக்கியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் திறந்து காட்டியிருக்கிறார். தம்பி தலை குனியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த காரியம். அந்த அன்புதான் ஹார்லனை அறுத்தது. கை நடுங்கவில்லை என்று பூரித்துப் போனாரே, ஏன் நடுங்கப் போகிறது?

நேரமாகியும் ஆளைக் காணோமே என்று நோர்மா கீழே வந்தாள். ஹார்லன் ஒரு கூட்டை அவள் கையில் வைத்தார். அவளுக்கும் அந்தக் கீறல் தெரியும். உருட்டிப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள்.

“புதுத் துப்பாக்கில்ல? முதல்ல கடைத் தோட்டாவைப் போட்டுச் சரி பார்த்திருப்பாரு” என்றாள் கடைசியில். “புதுசு வாங்குற எல்லாரும் செய்யறதுதானே. அடுத்த வாட்டி உன்னுதைப் போடுவாரு.”

“அதுக்கு எதுக்கு என் பெட்டியில வச்சு எடுத்துட்டு வரணும்?”

“நேராப் போய்க் கேட்டுடேன்.”

“கேட்டா என்ன சொல்லுவான்? ‘இல்லடா, உன்னுதைத்தான் சுட்டேன்’னு சத்தியம் பண்ணுவான். என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டி வரும். அந்தப் பாவமும் எனக்கெதுக்கு?”

ஆனால் நோர்மா சொன்னது உள்ளே ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. புதுத் துப்பாக்கி. முதல் தடவை. இருக்கலாம். அடுத்த தடவை தன்னுடையதைப் போடலாம். தெரிந்துகொள்ளாமல் ஹார்லனுக்குச் சோறு தண்ணி இறங்காது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது.

மறுநாள் காலையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். பெட்டியில் இருந்த பழைய கூடுகளிலிருந்து செத்த பொட்டுகளைத் தள்ளி எடுத்தார். அவற்றின் குழியை உள்பக்கமிருந்து ஆணி முனையால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். பார்வைக்குப் புதுப் பொட்டு, ஆனால் அதில் தீ கிடையாது. அவற்றையே மறுபடி பதித்தார். மருந்து டப்பாவை எடுக்கவில்லை. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே மருந்து அசைகிற மாதிரி இருக்க வேண்டும் என்று, குலுக்கியிலிருந்து மக்காச்சோளத் தக்கைத் தூளை அள்ளி, அதே கரண்டியால் ஒவ்வொன்றிலும் கொட்டினார். பழக்கதோஷம், டார்ச் அடித்துக்கூடப் பார்த்தார். பிறகு ஈயக்குண்டு.

“அது வெடிக்காதே” என்றாள் நோர்மா.

“வெடிக்காது. ஊசி குத்தும், டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்ல.”

“டிக்குன்னா?”

“என்னுதைப் போட்டிருக்கான்னு அர்த்தம். எல்லார் முன்னாடியும் அவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுடுவேன். டார்ச் அடிக்கலைன்னு ஊரறியச் சொல்லிடுவேன். அடிச்சாக்கூட வாங்கிப்பேன்.”

“வெடிச்சா?”

ஹார்லன் பெட்டியை மூடினார். மேலே வழக்கம்போலத் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார்.

டெல்மரின் வீட்டில் காப்பியும், முந்தின நாள் சர்ச் விருந்தில் மிச்சமான லவங்கப்பட்டை ரொட்டியும் கிடைத்தன. டெல்மரின் கன்னத்துத் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. ஹார்லன் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

“வாங்கிட்டேன்ணே” என்றார். “திருகுறது. மோட்டாரைத் தாங்கும்.”

“அப்படியா! நேரத்துக்கு நிக்குதா?”

“டக்குனு நிக்குது.”

“பார்த்தியா, நான் சொன்னேன்ல? ஒரு டைமர்ல தீர்ற விஷயத்துக்கு நீ குளிர்காலம் பூரா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருந்தே.” டெல்மர் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, “அடேயப்பா, அழகு” என்றார். ஃப்ரிட்ஜின் மேல் பத்திரமாக வைத்தார். “சனிக்கிழமை ஒரு கை பார்த்துடுவோம்.”

‘அண்ணே, அதைச் சுடுவியா?’ என்று ஹார்லனின் தொண்டைவரை வந்தது. ரொட்டியைக் கடித்து அதை உள்ளே தள்ளினார்.

சனிக்கிழமை காற்று பலமாக இருந்தது. கழகத்தார் சுடும் பழைய சரளைக் குழியின் அந்தக் கோடியில் இரும்புத் தட்டுகள் வரிசையாகத் தொங்கின. ட்வைலாவும் வந்திருந்தாள். ஹார்லனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தன் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். டெல்மர் மேசையில் அந்தப் பெட்டியை வைத்தார். ஹார்லன் போட்ட எழுத்து மேலே இருந்தது. மூடியைத் திறந்து, “என் தம்பி சரக்கு” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து ரிவால்வரில் போட்டார்.

ஹார்லன் அவருக்குப் பின்னால் நின்றார். காதில் அடைப்பான் இருந்தது. அதை ஒரு காதிலிருந்து விலக்கினார். டிக் என்ற அந்தச் சின்னச் சத்தம் தன் காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று அவருக்குக் கவலை. அவர் அதிகம் ஜெபம் செய்கிற ஆள் இல்லை. அன்று செய்தார். ஆண்டவரே, வெடிக்க வேண்டாம். எங்கண்ணன் துப்பாக்கி வெடிக்க வேண்டாம். ஊரே சிரிக்கட்டும், வெடிக்க மட்டும் வேண்டாம்.

டெல்மர் கையை நீட்டினார். கை பாறை மாதிரி நின்றது.

வெடித்தது. தட்டு டங்கென்றது. மறுபடி வெடித்தது. மறுபடி தட்டு. கையில் இருந்த அத்தனையும் வெடித்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. விலக்கிய காதில் ஹார்லனுக்கு ரீங்காரம் கிளம்பி, வேறு எதுவும் கேட்காமல் போயிற்று.

டெல்மர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு, அந்தக் காதுக்குள்ளேயே சொன்னார். “பிரமாதம்டா. போன வாட்டியைவிட நல்லா வந்திருக்கு. இப்படி நிரப்புறதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது.”

ஹார்லன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கள்ளம் இல்லை. தம்பி சந்தோஷப்பட வேண்டுமே என்ற தவிப்பு மட்டும்தான் இருந்தது. நீ பொய் சொல்கிறாய் என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். சொல்ல முடியாது என்று தெரிந்தது. இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே முடியாது.

“எல்லாம் டைமர் பண்ற வேலைண்ணே” என்றார்.

“அதான் சொன்னேன்ல!” டெல்மர் சுடச்சுட இருந்த கூடுகளை ஊதாப் பையில் கொட்டி அவர் கையில் கொடுத்தார். “அடுத்த வாரத்துக்கும் ஒரு பெட்டி போட்டுடு.”

“போட்டுடறேன்.”

ட்வைலா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஹார்லன் அவளைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் நோர்மா நிலவறைப் படியின் மேல் நின்றாள். பையைக் கையில் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

“வெடிச்சுதா?”

“எல்லாமே” என்றார் ஹார்லன்.

நோர்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹார்லன் அழவில்லை. கீழே இறங்கி, பையிலிருந்த கடைக் கூடுகளைக் குலுக்கியில் கவிழ்த்து, மூடியைப் போட்டு, டைமரைத் திருகினார். சரளைச் சத்தம் கிளம்பியது. மேசைக்கு வந்து, அடுத்த வாரப் பெட்டிக்காகப் பழைய கூடுகளைப் பலகையில் நிறுத்தினார். செத்த பொட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பதித்தார். கை தானாக மருந்து டப்பாவை நோக்கிப் போனது. அதை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, தக்கைத் தூளைக் கிட்டே இழுத்தார். முதல் வரிசையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் டக்கென்று குலுக்கி தானாக நின்றது. ஹார்லன் எழுந்திருக்கவில்லை. கொட்டிய வரிசையில் மறுபடி கொட்டினாரா என்று டார்ச் எடுத்துப் பார்க்கவும் இல்லை.